1911 பிஸ்டலை விற்கும் முன் மேகசினைப் பாருங்கள்
நண்பரே, உங்கள் 5 அங்குலக் குழல் கொண்ட .45 காலிபர் 1911 பிஸ்டலில் கடைசித் தோட்டா மூக்கைத் தூக்கிக்கொண்டு சிக்குகிறது, விற்றுவிட்டு கிளாக் 17 பிஸ்டல் வாங்கலாமா என்கிறீர்கள். அவசரம் வேண்டாம். பெரும்பாலும் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) அவற்றை மேலே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், புதிது மாற்றுங்கள்.

அப்புறமும் சிக்கினால் எக்ஸ்ட்ராக்டரைப் பாருங்கள்; சுட்ட தோட்டாவின் கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி அது. சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று உறுதிசெய்து, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேற்பகுதி) கழற்றி, டம்மி (வெடிக்காத) தோட்டாவின் விளிம்பை அதன் கொக்கியில் செருகி மெல்ல ஆட்டுங்கள். உடனே விழுந்தால் இறுக்கம் போதாது; செருகவே முரண்டு பிடித்தால் அதிகம். ஜான் பிரவுனிங்கின் இந்த 1911 வடிவமைப்பில் எக்ஸ்ட்ராக்டரே ஸ்பிரிங்கும் என்பதால், வளைத்துச் சரிசெய்வதை துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் விடுங்கள். ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங் வழக்கமான 16 பவுண்டுதானா என்றும் பாருங்கள்.

கிளாக்கில் இந்தப் பராமரிப்பு குறைவு, உண்மை. ஆனால் நேராகப் பின்னோக்கி நகர்ந்து பளிச்சென்று விடுபடும் 1911 ட்ரிகர் அதில் கிடைக்காது. அதற்காகவே வைத்திருக்கலாம்.