குடும்பத்தில் மூவருக்குப் பார்கின்சன்: மரபணு ஆய்வில் சேர்வதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பார்கின்சன் நோய், இப்போது அக்காவுக்கும் அறிகுறிகள் தெரிகின்றன, பரம்பரையாக வரும் பார்கின்சனை ஆராய்பவர்களை எப்படி அணுகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "அடுத்தது நானா?" என்ற கேள்வியை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே நோய் வந்தபோது நானும் அப்படித்தான் தேடத் தொடங்கினேன். நான் மருத்துவன் அல்ல. "மருத்துவரைக் கேட்காமல் இங்கே எதற்கு அறிவுரை?" என்று கேட்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கேட்டோம், எங்களை ஆய்வுக் குழுவிடம் அனுப்பியவரே அப்பாவின் நரம்பியல் மருத்துவர்தான்.

முதலில் ஒரு வம்சாவளிப் படம் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவர் என்றால் உள்ளே கறுப்பு, இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு கோடு. தாத்தாவுக்கும் கை நடுக்கம் இருந்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னதால், அவருடைய சதுரத்தை நான் தயங்காமல் கறுப்பாக்கியிருந்தேன். மரபியல் ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டு, கை மடியில் சும்மா கிடக்கும்போது நடுங்கியதா, டம்ளரைத் தூக்கும்போது நடுங்கியதா என்று கேட்டார். "தூக்கும்போதுதான், பாதித் தண்ணீர் சட்டையில்தான் இருக்கும்" என்றார் அத்தை. பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது வருவது; தாத்தாவுடையது வேறொரு நடுக்க நோயாக இருந்திருக்கலாம் என்று சொல்லி, ஆலோசகர் அந்தச் சதுரத்தின் அருகே ஒரு கேள்விக்குறி போட்டார். நடுக்கமே இல்லாமல் நடை குறுகி, முகத்தில் சிரிப்பே வராமல் போன சின்னப் பாட்டியை நாங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவருடைய வட்டத்துக்கும் ஒரு கேள்விக்குறி வந்தது. நோய் தொடங்கிய வயதையும் எழுதுங்கள். நோயில்லாத முதியவர்களை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் ஒரு மரபணு மாற்றம் நோயுள்ளவர்களிடம் மட்டும் இருக்கிறதா என்பதை அவர்களையும் சோதித்தால்தான் சொல்ல முடியும்.

ஒரு குடும்பத்தின் படத்தால் என்ன ஆகிவிடும் என்று எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். இந்த நோய்க்கும் பரம்பரைக்கும் பெரிய தொடர்பில்லை என்றே பலரும் நம்பியிருந்த காலத்தில், தென் இத்தாலியில் உள்ள கோன்டுர்சி என்ற ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்துதான், ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்துக்கான மரபணுவில் உள்ள மாற்றத்தை 1997இல் கண்டறிந்தார்கள். அதே மாற்றம் மூன்று கிரேக்கக் குடும்பங்களிலும் இருந்தது. பரம்பரைத் தொடர்பே இல்லாத நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் சேரும் திரள்களிலும் அந்தப் புரதமே இருக்கிறது என்பது அதே ஆண்டில் தெரியவந்தது.

ஆனால் படத்தை வைத்து நீங்களே சோதிடம் பார்க்க வேண்டாம். பார்கின் என்ற மரபணுவில் (ஜப்பானில் 1998இல் கண்டறிந்தது) தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் வரும், அதனால் பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஒரு பிரதி மாறினாலே போதும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. ஆனாலும் அந்த மாற்றத்தைச் சுமந்தபடி முதுமை வரை நோயே இல்லாமல் வாழ்ந்தவர்கள் பலர்.

ஆய்வுகளைத் தேடுவது கடினமில்லை. மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2010 முதல் நடக்கும் பிபிஎம்ஐ ஆய்வில், நோய் வராத, ஆனால் மரபணு மாற்றம் உள்ளவர்களையும் சேர்க்கிறார்கள். ஜிபி2 என்ற உலகளாவிய மரபியல் திட்டம் பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் வழியாக மாதிரிகளைச் சேர்க்கிறது. எது உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்பதை உங்கள் நரம்பியல் மருத்துவர் சொல்வார். கடினம் அதற்குப் பிறகுதான். முடிவை எங்களுக்குச் சொல்வீர்களா என்று ரத்தம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

ஒப்புதல் படிவத்தில் அத்தை கையெழுத்திட்ட விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முதல் எழுத்து ஓரளவு பெரிதாக இருந்தது, அடுத்தடுத்த எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போய், கடைசி எழுத்து எறும்பளவில் முடிந்தது. அதுவும் நோயின் அறிகுறிதான். "என் ரத்தத்தால் எனக்கு என்ன பலன், தம்பி?" என்று அங்கிருந்த இளைஞரிடம் கேட்டார். "உங்களுக்கு நேரடிப் பலன் எதுவும் இல்லை, அம்மா" என்று அவர் நேர்மையாகத்தான் பதில் சொன்னார். என் குறை அவர்மீது அல்ல. ஏழு பேர் ரத்தம் கொடுத்தோம், அத்தை இறந்த செய்தியையும் தெரிவித்தோம், இத்தனை ஆண்டுகளில் அந்தக் குழுவிடமிருந்து ஒரு வரி பதில்கூட வரவில்லை. தனிப்பட்ட முடிவைத் தராததில் நியாயம் இருக்கலாம், ஆய்வுக்கூடச் சோதனை மருத்துவச் சோதனைக்கு ஈடாகாது என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும், ஆய்வு முடிந்ததா, கைவிட்டார்களா என்றாவது சொல்லியிருக்கலாம். 2004இல் எல்ஆர்ஆர்கே2 மரபணுவின் புரதத்துக்கு, நடுக்கத்தைக் குறிக்கும், ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழிச் சொல்லிலிருந்து டார்டரின் என்று பெயர் வைத்தார்கள், ஆய்வில் இருந்தவற்றில் சில பாஸ்க் குடும்பங்கள் என்பதால். அதைப் படித்த அன்று எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அதனால் இரண்டாவது ஆய்வில் படிவத்தை வரிவரியாகப் படித்தேன். மாதிரியை யாருக்குப் பகிர்வார்கள், பாதியில் விலகினால் அதை அழிப்பார்களா என்றெல்லாம் கேட்டேன். காப்பீட்டைப் பற்றியும் விசாரியுங்கள். மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டமே மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் காக்கிறது, ஆயுள் காப்பீடு அதன் வரம்பில் இல்லை. முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்ற கட்டத்தில் நான் ஆம் என்று குறித்தேன், என் தம்பி இல்லை என்று குறித்தான். "உனக்கு இருந்தால், உன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடுமே, அண்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆலோசகரிடம் இருவரும் மூன்று முறை சேர்ந்து பேசிய பிறகு, அவனும் கேட்கும்வரை என் முடிவை நானும் வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரத்தம் கொடுத்தோம்.