வேலையை எப்போது விடலாம்? ஓவியம், சிற்பம் பற்றிக் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். யாரிடமும் படிக்கவில்லை, நானாகவே வரையப் பழகினேன். வேலையை எப்போது விடலாம்? (கவிதா, ஓசூர்)

பதில்: இப்போது வேண்டாம். படம் விற்ற பணத்திலேயே ஒரு வருஷமாவது வாடகை கட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம். பாரிஸ் சுங்கச்சாவடியில் வேலை பார்த்த ஓவியர் ஆன்ரி ரூசோவும் தானாகக் கற்றவர்தான். 1893இல், 49 வயதில்தான் வேலையை விட்டார். வந்த சின்ன பென்ஷன் போதாமல் வயலின் சொல்லிக் கொடுத்தார். சண்டிகர் நேக் சந்த் சாலை ஆய்வாளர். உடைந்த பீங்கானையும் வளையலையும் பொறுக்கி, வேலை நேரம் போக, யாருக்கும் தெரியாமல் பல வருஷம் சிலை செய்துகொண்டிருந்தார். 1976இல் அது பாறைத் தோட்டமாகத் திறக்கப்பட்ட பிறகு, அதைச் செய்வதற்கே அரசு சம்பளம் கொடுத்தது. கல்லூரியில் படித்தவர்கள் மட்டும் என்ன? 1966இல் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியவர்கள் பாத்திக் (மெழுகு தடவிச் சாயம் ஏற்றும்) துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் பிழைத்தார்கள். ஆர்டர் வந்தால் பாதிப் பணம் கைக்கு வராமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

கேள்வி: எந்த கம்பெனி பிரஷ் நல்லது?

பதில்: கழுவி வைக்கிற பிரஷ்.

கேள்வி: எனக்கு 42 வயது, தாமதமா?

பதில்: மேலே ரூசோவின் வயதைப் பாருங்கள்.

கேள்வி: களிமண் தலை சூளையில் வெடித்துவிட்டது. காற்றுக் குமிழிதான் காரணம் என்கிறார்கள். (முருகேசன், மானாமதுரை)

பதில்: மானாமதுரையிலிருந்து என்னிடம் கேட்கிறீர்களா ஐயா! உங்கள் தெருவிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருப்பார்களே. சரி, சொல்கிறேன். பெரும்பாலும் குற்றவாளி ஈரம். நடுவில் ஈரம் தங்கி, சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் மண்ணை உடைக்கிறது. தலையைப் பாதியாக அறுத்து உள்ளே குடைந்து, எல்லாப் பக்கமும் விரல் தடிமன் விட்டு ஒட்டுங்கள், கீழே ஒரு துளை வையுங்கள். சுடுவதற்கு முன் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஆரம்பச் சூடு மெதுவாக ஏறட்டும்.

கேள்வி: காசு வாங்கி வரைந்து கொடுத்த படத்தை வாங்கியவர் காலண்டரில் அச்சடித்துவிட்டார். தடுக்கலாமா?

பதில்: 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்த ஓவியத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே. நீங்களாக வரைந்து விற்றது என்றால் படம் அவருடையது, பதிப்புரிமை உங்களுடையது. அடுத்த முறை முன்பணம் வாங்கும்போதே இதையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

கேள்வி: புரொஜெக்டரில் போட்டோவைப் போட்டு கோடு இழுப்பவர்களையும் ஓவியர் என்கிறார்களே, இது ஏமாற்று இல்லையா? (செல்வம், திருச்சி)

பதில்: போட்டோவில் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்காமல் சினிமா பேனர் எழுத முடியுமா? பெரிய ஓவியர் எம். எஃப். ஹுசேனே பம்பாயில் பேனர் வரைந்து பிழைத்தவர்தான்.

செல்வம் மறுபடியும்: கட்டத்தில் கண் வேலை செய்கிறது. புரொஜெக்டரில் கை மட்டும்தானே?

பதில்: அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் என் சண்டை கருவியோடு இல்லை, போட்டோவோடு. போட்டோ ஒரு கண்ணால் பார்த்தது. பக்கத்தில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும், அதை அப்படியே இழுப்பவர் அந்தத் தப்பையும் சேர்த்து வரைகிறார். சிலை செய்ய உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும்: காதுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, தாடை கழுத்தில் எங்கே முடிகிறது? அதனால்தான் ஓவியர்களை ஒரு மாதமாவது களிமண் பிசையச் சொல்கிறேன்.

இன்னொருவர் (ரஹீம்): அப்போது சிற்பிதான் உசத்தியா அண்ணே?

பதில்: வம்பு வேண்டாம் தம்பி. நிறம் என்று வந்தால் சிற்பிகள் பலர் பாவம்.

கேள்வி: ஆரம்பிக்க எந்த பிரஷ் வாங்கலாம்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: என் மாமா, எங்கள் தாத்தாவுக்கு ஃபைபர் சிலை செய்து தரச் சொல்லிக் கேட்கிறார். சொந்தக்காரரிடம் முன்பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஃபைபர் சிலைக்கு ரெசின் (ரசாயனப் பிசின்) கலக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், ரசாயன ஆவிக்கான முகமூடி போடுங்கள், துணி மாஸ்க் உதவாது. சொந்தக்காரர் என்றால் பாதி போதாது, முழுசாக வாங்கிவிடுங்கள்.