வீட்டு லோனுக்கு முன்னாடி கார்டு பாக்கியை அடைக்க ஃப்ரெண்டு தர்ற பணத்தை கிஃப்ட்னு காட்டலாமா?

கேள்வி: சார், அமெரிக்காவுல எச்-1பி விசால இருக்கேன், மனைவியும் வேலை பாக்குறாங்க. மூணு மாசத்துல வீடு வாங்கணும்னு பிளான். என் பேர்ல மூணு கார்டு. 8,000 டாலர் லிமிட் கார்டுல 7,700 பாக்கி, 7,000 லிமிட் கார்டுல 4,900 பாக்கி, 5,000 லிமிட் உள்ள பழைய கார்டுல பாக்கியே இல்ல, அதை மூடிடலாம்னு இருக்கேன். ஆப்புல கிரெடிட் ஸ்கோர் 703 காட்டுது, லோன் ஆபீசர் 668ங்கறார். மச்சானோட கார்டுலயும் என் பேரு ஆத்தரைஸ்டு யூசரா, அதாவது அவர் கணக்குல தேய்க்க அனுமதி உள்ளவனா இருக்கு, அவர் அதை லிமிட் வரைக்கும் தேய்ச்சு வச்சிருக்கார். போன வருஷம் ஆட்டோபே ஓடாம 30 நாள் லேட்னு ஒரு பதிவு விழுந்திருக்கு, அது எங்க தப்புதான்னு பேங்க்கே ஈமெயில்ல ஒத்துக்கிச்சு. டவுன் பேமென்ட் போக கையில 6,000 டாலர் இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தர் 12,000 தரேன், கிஃப்ட்னு லெட்டர் எழுதித் தரேன், ரெண்டு வருஷத்துல திருப்பிக் குடுங்கறார். வாங்கலாமா?

பதில்: கடைசி கேள்விக்கே முதல்ல வரேன், ஏன்னா மத்த எல்லாத்தையும் மூணு மாசத்துல சரி பண்ணிக்கலாம், இதுல மாட்டினா சரி பண்ணவே முடியாது. அப்படி வாங்காதீங்க.

கிஃப்ட் லெட்டர்ல என்ன எழுதியிருக்கும்னு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. குடுக்கறவர் பேரு, உங்களுக்கு என்ன உறவு, எவ்வளவு தொகை, அப்புறம் ‘இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை’ன்னு ஒரு வரி, கீழ அவர் கையெழுத்து, உங்க கையெழுத்து. திருப்பித் தரணும்னு ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு அந்த வரிக்குக் கீழ கையெழுத்துப் போட்டா அது கடன் குடுக்கற நிறுவனத்துக்குத் தெரிஞ்சே சொன்ன பொய். ஃபெடரல் கிரிமினல் சட்டம் டைட்டில் 18, செக்‌ஷன் 1014 இதுக்குன்னே இருக்கு, அதிகபட்ச தண்டனை 30 வருஷம் சிறை, 10 லட்சம் டாலர் அபராதம். எல்லாரையும் உள்ள தள்றாங்கன்னு நான் சொல்லல, ஆனா நீங்க விசால இருக்கறவர், மோசடி சம்பந்தமா ஒரு வழக்குன்னு வந்தாலே கிரீன் கார்டு வரைக்கும் அது கூடவே வரும். உங்க ஃப்ரெண்டும் கையெழுத்துப் போடுறார்ங்கறதால அவரையும் சேர்த்து இழுத்து விடுறீங்க. அவர் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், அதனாலதான் இன்னும் அழுத்திச் சொல்றேன்.

இது வெளிய தெரியாதுன்னும் நினைக்காதீங்க. லோனுக்கு ரெண்டு மாச பேங்க் ஸ்டேட்மெண்ட் கேப்பாங்க, சம்பளம் இல்லாம 12,000 டாலர் திடீர்னு வந்திருந்தா எங்கிருந்து வந்துச்சுன்னு அண்டர்ரைட்டர், அதாவது லோன் குடுக்கலாமான்னு சரிபாக்கறவர், கேக்காம விடமாட்டார். அதுக்கும் மேல, வீட்டு லோன் அப்ளிகேஷன்லயே உங்க எல்லாக் கடனையும் எழுதச் சொல்லி ஒரு பகுதி இருக்கு. ஃப்ரெண்டு கிட்ட உண்மையாவே கடனா வாங்குறதுல குத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா அதைக் கடன்னு எழுதணும், மாசாமாசம் அவருக்குக் கட்டுறதை உங்க வருமானத்துக்கு எதிரா கணக்குப் போடுவாங்க, அப்ப கார்டு பாக்கியை அடைச்ச லாபத்துல பாதி அங்கயே போயிடும்.

சரி, அந்தப் பணம் இல்லாம என்ன பண்ணலாம்? நிறையவே பண்ணலாம்.

முதல்ல அந்த 703, 668 குழப்பம். கிரெடிட் ஸ்கோரைக் கணக்குப் போட வேன்டேஜ், ஃபைகோன்னு வேற வேற முறை இருக்கு. ஆப்புல காட்டுறது பெரும்பாலும் வேன்டேஜ் ஸ்கோர், இல்லன்னா ஃபைகோ 8. வீட்டு லோன்காரங்க ரொம்ப வருஷமா பாக்குறது ஃபைகோவோட பழைய வெர்ஷன்களை, கடன் விவரத்தைச் சேர்த்து வைக்கற மூணு கிரெடிட் பீரோவுலயும் எடுத்து நடுவுல வர்றதை வச்சுக்குவாங்க. அதனால ஆப் நம்பரைப் பாத்து சந்தோஷப்படவும் வேண்டாம், பதறவும் வேண்டாம், லோன் ஆபீசர் சொன்ன நம்பர்தான் கணக்கு. மனைவியையும் சேர்த்து அப்ளை பண்றீங்கன்னா, கன்வென்ஷனல் லோன்ல (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண வீட்டு லோன்) வட்டிக்கான கட்டணத்தை ரெண்டு பேர்ல யாரு ஸ்கோர் குறைவோ அதை வச்சுதான் போடுவாங்க, அது 20 புள்ளிக்கு ஒரு படியா ஏறும் இறங்கும். நீங்க இப்ப 660லேர்ந்து 679 வரைக்கும் உள்ள படியில நிக்கறீங்க, 680ஐத் தாண்டினாலே வித்தியாசம் தெரியும், 700ஐத் தாண்டினா இன்னும் நல்லது.

ஃபைகோ கணக்குல 35 சதவீதம் நீங்க ஒழுங்கா கட்டினீங்களாங்கறது, 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வச்சிருக்கீங்கங்கறது. இந்த ரெண்டாவதுதான் சீக்கிரம் மாறக்கூடியது, பழைய வெர்ஷன்கள் இன்னைக்கு ரிப்போர்ட்ல இருக்கற பாக்கியை மட்டும்தான் பாக்கும், போன மாசம் எவ்வளவு இருந்துச்சுன்னு பாக்காது. உங்க மொத்த லிமிட் 20,000, பாக்கி 12,600, அதாவது 63 சதவீதம். இப்ப அந்தப் பழைய கார்டை மூடினா லிமிட் 15,000 ஆயிடும், அதே பாக்கி உக்காந்த இடத்துலயே 84 சதவீதமா மாறிடும், ஒரு ரூபா கூட செலவு பண்ணாம ஸ்கோரை நீங்களே இறக்கிக்கிட்ட மாதிரி. அதை மூடாதீங்க.

கையில இருக்கற 6,000ஐ ரெண்டு கார்டுக்கும் சரிபாதியா போடலாம்னு தோணும், போடாதீங்க. மொத்தக் கணக்கை மட்டும் இல்லாம ஒவ்வொரு கார்டையும் தனித்தனியாவும் பாப்பாங்க, லிமிட்டை முட்டிக்கிட்டு நிக்கற கார்டுதான் அதிகமா அடிக்கும். 7,700 இருக்கற கார்டுல 5,300 கட்டுங்க, 2,400க்கு வந்துடும், அது 30 சதவீதம். மிச்சம் 700ஐ அடுத்த கார்டுல போட்டா மொத்தம் 6,600, அதாவது 33 சதவீதம். அடுத்த மூணு மாசமும் சம்பளத்துல மிச்சம் பிடிக்கறதை ரெண்டாவது கார்டுல போட்டுட்டே வாங்க, 10 சதவீதத்துக்குக் கீழ போனா ரொம்ப நல்லது, ஆனா அதுக்காக டவுன் பேமென்ட்லயோ, வீடு கைமாறும்போது வர்ற க்ளோசிங் செலவுக்கு வச்சதுலயோ கைய வைக்காதீங்க.

எப்ப கட்டணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. டியூ டேட்டுக்குள்ள கட்டினா போதும்னு நினைக்கறாங்க, லேட் ஃபீஸ் வராம இருக்க அது போதும், ஸ்கோருக்குப் போதாது. பெரும்பாலான பேங்க் ஸ்டேட்மெண்ட் க்ளோஸ் ஆகற அன்னைக்கு என்ன பாக்கி இருக்கோ அதைத்தான் பீரோவுக்கு அனுப்பும். உங்க ஸ்டேட்மெண்ட் 18ஆம் தேதி க்ளோஸ் ஆகுதுன்னா 14ஆம் தேதிக்குள்ள பணம் கட்டி அது கார்டு கணக்குல ஏறிடுச்சான்னு பாருங்க. கட்டின கையோட அதே கார்டுல மளிகை, பெட்ரோல்னு தேய்ச்சா பிரயோஜனம் இல்ல, கொஞ்ச நாளைக்கு டெபிட்ல ஓட்டுங்க. பீரோவுல அப்டேட் ஆகறதுக்குள்ள லோன் வட்டியை லாக் பண்ண, அதாவது இதுதான்னு உறுதி பண்ணிக்க வேண்டி வந்துட்டா லோன் ஆபீசர் கிட்ட ராபிட் ரீஸ்கோர் கேளுங்க, அதை நீங்க நேரா பண்ண முடியாது, அவங்க மூலமாத்தான் நடக்கும், பாக்கி குறைஞ்சதுக்கு பேங்க்லேர்ந்து ஆதாரம் குடுத்தா சில நாள்ல புது ஸ்கோர் வந்துடும்.

மச்சான் கார்டு விஷயம் சுலபம். ஆத்தரைஸ்டு யூசரா இருக்கறதால அந்தக் கடனுக்கு பொதுவா நீங்க பொறுப்பு இல்ல, ஆனா அவர் தேய்ச்சது உங்க ரிப்போர்ட்ல நிக்குது. கார்டு கம்பெனிக்கு போன் பண்ணி என் பேரை எடுத்துடுங்கன்னு சொல்லுங்க, அடுத்த ரிப்போர்ட்லயும் இருந்தா பீரோவுக்கு எழுதுங்க. மச்சான் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, வீட்டுல மனஸ்தாபம் வேண்டாம்.

அந்த லேட் பதிவைத்தான் நீங்க இன்னைக்கே கையில எடுக்கணும். 1970ல வந்த ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி தப்பான பதிவை டிஸ்ப்யூட் பண்ணா, அதாவது இது தப்புன்னு ஆட்சேபிச்சு எழுதினா பீரோ பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிக்கணும், நடுவுல நீங்க புதுசா ஏதாவது ஆதாரம் அனுப்பினா இன்னும் 15 நாள் எடுத்துக்கலாம், அதனால பேங்க்கோட ஈமெயிலை முதல் லெட்டரோடயே வச்சு அனுப்புங்க. பேங்க்குக்கு மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க. பீரோ வழியா டிஸ்ப்யூட் போனாத்தான், பேங்க் சரியா விசாரிக்கலன்னா அவங்க மேல கேஸ் போடுற உரிமை உங்களுக்குக் கிடைக்கும், நேரா பேங்க்குக்கு எழுதின லெட்டரை வச்சு மட்டும் அந்தக் கேஸ் நிக்காது. பதிவு எந்தெந்த பீரோவுல இருக்கோ அத்தனைக்கும் தனித்தனியா, ரிட்டர்ன் ரிசீப்ட்டோட சர்டிஃபைடு மெயில்ல அனுப்புங்க. இன்னொண்ணு, டிஸ்ப்யூட் நடந்துட்டு இருக்குன்னு ரிப்போர்ட்ல குறிப்பு நிக்கும்போது லோனுக்குப் போனா அண்டர்ரைட்டிங் அங்கயே முடங்கலாம், அந்தக் குறிப்பை முதல்ல நீக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புவாங்க. இப்பவே ஆரம்பிக்கச் சொல்றதுக்குக் காரணம் அதுதான். முடிவு வந்ததும் குறிப்பு போயிடுச்சான்னு மூணு ரிப்போர்ட்டையும் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம்ல எடுத்துப் பாருங்க, வாரா வாரம் இலவசமாவே கிடைக்கும்.

இதை நாங்க பண்ணித் தரோம்னு முன்பணம் கேக்கற கிரெடிட் ரிப்பேர் கம்பெனி யாராவது வந்தா, வேலையை முடிக்காம காசு வாங்குறதே 1996ல வந்த சட்டப்படி தப்புன்னு தெரிஞ்சுக்கோங்க, மேல சொன்ன லெட்டரைத்தான் அவங்களும் எழுதப் போறாங்க.

லோன் அப்ரூவ் ஆனதுக்கு அப்புறமும் க்ளோசிங்குக்கு முன்னாடி உங்க கிரெடிட்டை இன்னொரு தடவை பாப்பாங்க. புது வீட்டுக்கு சோபா, ஃப்ரிட்ஜ்னு கடைக்காரங்க தர்ற வட்டியில்லாத தவணை, புது கார்டு, கார் லோன் எதுவும் அதுவரைக்கும் வேண்டாம், சாவி கைக்கு வந்ததுக்கு அப்புறம் வாங்கிக்கோங்க.