தடைக்காலத்தில் தூண்டில் போடலாமா?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், கல்லூரி நாள் நண்பர்கள். எல்லோருக்கும் முப்பது தாண்டிவிட்டது. மே கடைசி வாரத்தில் மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்திருக்கிறது. படகில் கடலுக்குள் போய்த் தூண்டிலில் பெரிய மீன் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. ஒருவன் அந்தமானுக்கு டிக்கெட் போடச் சொல்கிறான். இன்னொருவன் காசிமேட்டிலோ கோவளத்திலோ ஒரு படகைப் பேசிவிடலாம் என்கிறான். மூன்றாமவன் நாற்பதாயிரம் ரூபாய்க்குத் தூண்டில் சாமான்களை ஆன்லைனில் பொறுக்கி வைத்துவிட்டு என் தலையசைப்புக்காகக் காத்திருக்கிறான். எங்களில் இருவருக்கு நீச்சல் தெரியாது. அதில் நானும் ஒருவன். "இப்போது மீன்பிடித் தடைக்காலமாயிற்றே" என்கிறாள் என் மனைவி. போகலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வில்லிவாக்கம்

பதில்: போகலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் விடுமுறை இருக்கிறது, டிக்கெட் இருக்கிறது, நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. படகு ஓட்டப்போகிறவர் மட்டும் எங்கும் இல்லை. அவரிடமிருந்துதான் இந்தப் பயணம் தொடங்க வேண்டும். அதற்கு முன் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்கள் சேர்ந்து யோசிக்காத ஒன்றை அவர் கேட்டிருக்கிறார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்ததை 2017-இல் நீட்டித்தார்கள். மீன்கள் முட்டையிடும் காலத்தில் கடலைக் கொஞ்சம் விட்டுவைப்பதுதான் நோக்கம். இந்த நாட்களில் காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள்: விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், வர்ணம் பூசுவார்கள், பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். ஆகவே விசைப்படகு என்ற பேச்சே இல்லை. தடை விசைப்படகுகளுக்கும் இழுவைப் படகுகளுக்கும்தான். ஃபைபர் படகுகளும் கட்டுமரங்களும் கரையோரத்தில் தொழிலுக்குப் போய்வருகின்றன. கோவளம் பக்கம் நீங்கள் பேச நினைப்பதும் ஃபைபர் படகாகத்தான் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் படகுகள் மீன்பிடித் தொழிலுக்காகப் பதிவு செய்யப்பட்டவை, பயணிகளை ஏற்றுவதற்காக அல்ல. எனவே யாரோ ஒருவர் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம். மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். பயணிகளை ஏற்ற அனுமதியும் காப்பீடும் உள்ள படகாகத் தேடுங்கள். ஐவரும் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தினர் நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தமான் யோசனை நல்ல யோசனைதான், ஆனால் மாதம் தவறு. மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். நீங்கள் போய் இறங்கும்போது கடல் கொந்தளித்துக் கிடக்கும். அறை ஜன்னல் வழியாக மழையைப் பார்ப்பதற்கு அவ்வளவு விமானச் செலவு எதற்கு? அங்கே போனால் பவளப்பாறை ஓரங்களில் பெரும்பாறை மீனைத் தேடிப் போலி இரையை நாள் முழுக்க வீசி இழுக்க வேண்டும். தோள்பட்டை பழகாதவர்களுக்கு அது முதல் பாடமாக இருக்கக் கூடாது. ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே ஒரு வாரம் ஒதுக்கி அடுத்த ஆண்டு போங்கள். இந்த முறை சென்னைதான்.

சென்னைக் கடலும் மே மாதத்தில் முழுச் சாதுவல்ல. வங்கக் கடலில் புயல் உருவாகும் இரண்டு பருவங்களில் இது ஒன்று. 2016 மே மாதம் ‘ரோனு’ சென்னைக்கு மழை கொண்டுவந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். அதனால்தான் ‘மூன்று நாள் விடுமுறை இருக்கிறது, அதில் ஒரு நாள் போகிறோம்’ என்ற உங்கள் கணக்கு எனக்கு உறுத்துகிறது. நாளைக் குறிக்க வேண்டியவர் படகோட்டி. இதை எல்லோரும் தலையாட்டி ஒப்புக்கொள்வார்கள்; விடியற்காலை நாலரை மணிக்கு, பெரம்பூரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் வந்து கரையில் நிற்கும்போது ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், ஒரு சுற்றாவது போய் வரலாமே அண்ணா" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். படகோட்டியும் மனிதர்தானே. படகு கிளம்பினால்தான் காசு என்றால், போகக் கூடாத நாளிலும் அவர் கிளம்புவார்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிது, ஆனால் உங்கள் நண்பர்களுக்குப் பிடிக்காது. பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, அன்றைக்குக் கடல் சரியில்லை, போக வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்கள் கூலி உங்களுக்கு உண்டு." டீசல், பெட்ரோல் செலவைத் தனியாகப் பேசுங்கள், அது கடலுக்குப் போனால் மட்டும். கூலியை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு ஒரு வேளை பிரியாணிக் காசுதான் வரும். அந்தக் காசுக்கு நீங்கள் வாங்குவது அவருடைய பயமில்லாத வார்த்தையை. நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானில் இதைவிடப் பெரிய பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லை.

அந்த மனிதர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார் என்பதை அருகில் நின்று கவனியுங்கள், பயணத்தின் பாதிச் சுவை அதில் இருக்கிறது. நீரோட்டம் தெற்கிலிருந்து ஓடினால் ‘தெண்டி’ என்பார்கள், வடக்கிலிருந்து ஓடினால் ‘வன்னி’. கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு இலேசாகக் காற்று வீசும்; அப்போது தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். வெயில் ஏறி, நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பியதும் அதே தண்ணீர் பொரிப்பொரியாக வெள்ளை அடிக்கத் தொடங்கும். அதற்குள் கரையில் இருக்க வேண்டும். நாலரைக்குக் கிளம்பிப் பத்தரைக்குத் திரும்புவதுதான் சரியான அளவு. காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரலாம். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை நம் கரைக்கு வந்து சேர்வதைத்தான் ‘கள்ளக்கடல்’ என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் முதல் நாள் மாலை பார்த்துவிடுங்கள். கரையிலிருந்து கிளம்பும் படகில், ஆழ்கடலைவிட ஆபத்தான இடம் அலை உடையும் அந்தச் சில நூறு அடிதான். அங்கே எழுந்து நின்று வீடியோ எடுக்கிறவரைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போகலாம்.

நீச்சல் விஷயத்துக்கு வருகிறேன். நீச்சல் தெரிந்த மூவருக்கும் தெரியாத இருவருக்கும் ஒரே சட்டம்: உயிர்காப்புக் கவசத்தைக் கரையிலேயே மாட்டி, பட்டைகளை இறுக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறி வந்தால் அது உங்கள் அளவு அல்ல. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கவசத்தை இருக்கைக்கு அடியில் போட்டு வைத்திருக்கும் படகானால் பேசாமல் வேறு படகு பாருங்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் கைப்பேசியில் ஏற்றுங்கள். ஆனால் கரை மறையும் தூரத்தில் கைப்பேசி வெறும் கேமராதான். படகிலிருந்து கரையோடும் மற்றப் படகுகளோடும் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் கரையிலிருந்து, யார் படகில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

மது வேண்டாம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

குமட்டலுக்கு விளக்கம் தேவை. ஐவரில் ஒருவராவது படுத்துவிடுவார். அவர் பெரும்பாலும் அதிகம் வாயடித்தவராகவே இருப்பார். மருத்துவரைக் கேட்டு ப்ரோமெத்தசின் போன்ற மாத்திரையை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு விழுங்கிப் பயனில்லை. அந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும். எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரோட்டப் போகிறவர் அதைத் தொடக் கூடாது. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்றால் வாடகைக் கார் பிடியுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நெய்ப் பொங்கலும் ஆகாது. இரண்டு இட்லி போதும். படகில் குனிந்து கைப்பேசி பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

இனி அந்த நாற்பதாயிரம். வாங்க வேண்டாம். படகோட்டியிடம் தங்கூசி நரம்பில், அதாவது நைலான் இழையில், கட்டிய கைத்தூண்டில் இருக்கும். உங்கள் விலையுயர்ந்த தடியைவிட அது அதிக மீன் காணும். விரலை நரம்பு அறுக்காமலிருக்க சைக்கிள் ட்யூபில் வெட்டிய துண்டு போதும். இல்லை, ரீல் சுழலும் சத்தம் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஏழடித் தடி ஒன்று, அதற்கேற்ற ரீல் ஒன்று, இரண்டையும் இரவல் வாங்கி ஐவரும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ரீலின் பிடிமானத்தை, அதாவது நரம்பு ஓடுவதைத் தடுக்கும் இறுக்கத்தை, நரம்பின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். வஞ்சிரம் இழுக்கும்போது அது புரியும். படகுக்குப் பின்னால் இரை ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தட்டு, அவ்வளவுதான். அடுத்த நொடி நரம்பு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடும், ரீல் அலறும். பதறிப்போய்ப் பிடிமானத்தைத் திருகினீர்களானால் நரம்பு அறுந்தது. முதல் ஓட்டத்தை ஓட விடுங்கள். அது தானே நிற்கும், அப்போது சுற்றத் தொடங்குங்கள். கொக்கிக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டவில்லையென்றால் அந்த ஒரு தட்டிலேயே கதை முடிந்துவிடும். வஞ்சிரத்துக்கும் சீலாவுக்கும் பல் அப்படி.

பாறை, சீலா, சூரை, அதிர்ஷ்டமிருந்தால் வஞ்சிரம் என்று எதிர்பாருங்கள். மயில்மீன் வந்து சிக்கினால் மேலே தூக்கிப் படம் எடுக்காமல், தண்ணீரிலேயே வைத்துக் கொக்கியைக் கழற்றி அனுப்பிவிடுங்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் முட்டுக்காடு முகத்துவாரத்தில் நின்று தூண்டில் போட நேர்ந்தால் கொடுவா கிடைக்கலாம். கொடுவா ஆணாகத் தொடங்கி, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் மீன். அதாவது கைநீளத்துக்கு மேல் பெரிதாக வருவதெல்லாம் அநேகமாகத் தாய் மீன். தடைக்காலத்தில் சட்டம் உங்களைத் தடுக்கவில்லை என்பதற்காக அதைக் குழம்பில் போட வேண்டுமா என்பதை உங்கள் மனைவியிடமே கேளுங்கள். விடப்போகும் மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள்ளுங்கள்; உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும். ஆமை, ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா, திமிங்கலச் சுறா ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தவறிச் சிக்கினாலும் உடனே விட வேண்டும்.

கெளுத்தியையும் திருக்கையையும் படகோட்டி கழற்றட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள். முள் குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்தால் வலி இறங்கும். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் கொண்டுபோங்கள், பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். பேத்தை மீன் உப்பிக்கொண்டு வந்தால் வேடிக்கை பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அதைச் சமைத்துப் பார்க்கும் விபரீதம் வேண்டாம். படகில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள். அது அவர்களுக்குத் தொழில் செய்யும் இடம் மட்டுமல்ல.

பிடித்த மீன் யாருக்கு என்பதைக் கரையிலேயே பேசிவிடுங்கள். படகோட்டிக்கு ஒரு பங்கு போக மீதி உங்களுக்கு என்பது கௌரவமான ஏற்பாடு. எடுத்துப்போகும் மீனை உடனே ஐஸில் இறக்க வேண்டும். சூரையும் வஞ்சிரமும் மே மாத வெயிலில் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும். அது கொதிக்கும் குழம்பிலும் அழியாது, சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடித்துப்போகும். மீன் எவ்வளவு எடையோ அவ்வளவு ஐஸ் வேண்டும். பெட்டியை முதல் நாள் இரவே நிரப்பிவிடுங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கோவளத்தில் எங்கே போய் ஐஸ் தேடுவீர்கள்?