பணம் கட்டிவிட்டேன், வரம்பு ஏன் திரும்பவில்லை?

கேள்வி: அமெரிக்காவுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. 300 டாலர் வரம்புள்ள கிரெடிட் கார்டு ஒன்றுதான் கிடைத்தது. பணம் கட்டிய பிறகும் பத்து நாள் வரை வரம்பு திரும்புவதில்லை. இது சட்டப்படி சரியா? நான் என்ன செய்யலாம்?

சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. நியாயமா என்று கேட்டால், இல்லவே இல்லை. இதே போன்ற அட்டையோடு ஒன்றரை ஆண்டு அல்லாடியவன் நான்.

2018இல் டெக்சாஸ் மாநிலத்தின் இர்விங் நகருக்கு வேலைக்கு வந்தேன். ஊரில் பதினோரு ஆண்டுச் சம்பளக் கணக்கும், ஒரு தவணைகூடத் தவறாத வீட்டுக் கடனும் இருந்தன. இங்கே அவற்றை யாரும் பார்க்கவே இல்லை. ஒவ்வொருவரின் கடன் வரலாற்றையும் பதிந்து வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களின் ஏட்டிலும் என் பெயர் கிடையாது. கடன் தர நம்பலாமா என்று வங்கிகள் பார்க்கும் ஃபைகோ மதிப்பெண் வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கடன் கணக்காவது ஆறு மாதம் ஓடியிருக்க வேண்டும். இரண்டு பெரிய வங்கிகள் கைவிரித்தன. மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அட்டை தரும் ஒரு நிறுவனம் மட்டும் உடனே சம்மதித்தது. கணக்குத் திறக்கும் முன்பே 95 டாலர் வாங்கிக்கொண்டார்கள். முதல் ஸ்டேட்மென்டில் ஆண்டுக் கட்டணம் 75 டாலர். வரம்பு 300 என்று பெயர்; நான் செலவழிக்க இருந்தது 225. வட்டி 36 சதவீதம்.

அந்த 75 ஏதோ தோன்றியபடி வைத்த எண் அல்ல. முதல் ஆண்டில் வாங்கும் கட்டணங்கள் வரம்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கிரெடிட் கார்டு சட்டம் சொல்கிறது. 300இல் 25 சதவீதம் மிகச் சரியாக 75. கணக்குத் திறக்கும் முன் வாங்கும் தொகை இந்த உச்சவரம்புக்குள் வராது என்று 2013இல் விதியைத் திருத்தினார்கள். என் 95 டாலர் போனது அந்த வழியில்தான்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 2019 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை இரவு, மகளுக்குக் காய்ச்சல். மருந்துக்கடையில் பில் 43 டாலர் 18 சென்ட். நான்கு நாளுக்கு முன்பே அட்டைக்கு 210 டாலர் கட்டியிருந்தேன். என் வங்கிக் கணக்கிலிருந்து அந்தப் பணம் போய்விட்டதும் செயலியில் தெரிந்தது. அட்டையைச் செருகினேன், மறுத்தது. துடைத்துவிட்டு மறுபடி செருகினேன், மறுபடியும் மறுத்தது. எனக்குப் பின்னால் மூன்று பேர். கல்லாவில் இருந்த பெண் எதுவும் பேசாமல் மருந்துப் பையை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். டெபிட் கார்டு வீட்டில் இருந்தது. போய் எடுத்து வர முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. காரிலிருந்து அட்டை நிறுவனத்தை அழைத்தபோது கிடைத்த பதில் இதுதான்: "பணம் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வரம்பை விடுவிக்க இன்னும் ஆறு நாள் ஆகும்."

பணம் வந்த நாளையே வரவு நாளாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்தப் பத்து நாளுக்குத் தாமதக் கட்டணம் போட முடியாது. கட்டிய தொகைக்கு வட்டி ஓட விடவும் முடியாது. அப்படி நடந்தால் விடாதீர்கள். ஆனால் கட்டிய தொகைக்கு ஈடான வரம்பை எப்போது திறந்துவிட வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்வதில்லை. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் அவர்கள் எழுதிக்கொண்டதுதான் விதி.

அவர்கள் சொல்லும் காரணம் முழுப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். நாம் கணக்கு எண்ணைக் கொடுக்கிறோம், அவர்கள் நம் வங்கியிலிருந்து பணத்தை இழுக்கிறார்கள். காசோலை போல அதுவும் திரும்பலாம். இல்லாத பணத்தைக் கட்டுவதாகக் காட்டி, திறந்த வரம்பைச் செலவழித்துவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால் கணக்கில் பணம் இல்லை என்றால் இரண்டு வங்கி வேலைநாளுக்குள் அது திரும்பி வந்துவிடும். 'நான் அனுமதிக்கவே இல்லை' என்று ஒருவர் தன் வங்கியில் முறையிடவோ 60 நாள் இருக்கிறது. முதல் ஆபத்துக்குப் பத்து நாள் மிக அதிகம். இரண்டாவதுக்குப் பத்து நாள் போதவே போதாது. பல்லாயிரம் டாலர் வரம்பு உள்ளவருக்கு 210 டாலர் பத்து நாள் முடங்கினால் தெரியக்கூடத் தெரியாது. 300 டாலர்காரருக்கு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு நாள் அட்டையே இல்லாமல் போகிறது, அதுவும் ஆண்டுக் கட்டணம் கொடுத்து. எனக்கு இன்றும் கோபம் அடங்காத இடம் இது.

அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பிடம் (சி.எஃப்.பி.பி.) புகார் அளித்தேன். அளித்த மறுநாள் அந்த ஒரு தொகையை விடுவித்தார்கள். பதினைந்தாம் நாள், ஒப்பந்தப்படிதான் நடந்துகொண்டோம் என்று கடிதம் வந்தது. அடுத்த மாதம் பழையபடி பத்து நாள்.

நீங்கள் உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவர்கள் தளத்தில் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணத்தை இழுக்க விடாமல், உங்கள் வங்கியின் பில் கட்டும் வசதியிலிருந்து நீங்களே அனுப்பிப் பாருங்கள். நீங்களே அனுப்பிய பணம், அவர்கள் இழுத்த பணம் போலத் திரும்பாது. எனக்குப் பத்து நாள் மூன்றாகக் குறைந்தது. எல்லா நிறுவனத்திலும் பலிக்கும் என்று நம்பிவிடாதீர்கள், முதலில் சிறு தொகையில் சோதியுங்கள். சீக்கிரம் விடுவிப்பார்கள் என்று நினைத்து வாரம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியும் பார்த்தேன்; ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பத்து நாள் நிறுத்திவைத்தார்கள்.

பெட்ரோல் பங்க்கிலும் கவனம் தேவை. பம்பிலேயே அட்டையைச் செருகினால், நீங்கள் போடுவது 20 டாலருக்காக இருந்தாலும் நூறு டாலருக்கு மேல்கூட முடக்கிவைப்பார்கள். உள்ளே போய்க் கல்லாவில் தொகையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு நிரப்புங்கள்.

உண்மையில் அந்த அட்டையில் அன்றாடச் செலவே செய்யாதீர்கள். கைபேசிக் கட்டணம் போன்ற ஒரே ஒரு சிறு தொகை போதும். ஸ்டேட்மென்ட் தேதிக்குச் சில நாள் முன்பே கட்டிவிடுங்கள், கடைசித் தேதிவரை காத்திருக்காமல். பெரும்பாலும் ஸ்டேட்மென்ட் நாளில் நிற்கும் நிலுவைதான் அந்த மூன்று ஏடுகளுக்கும் போகிறது. 300இல் 210 நின்றால், வரம்பில் 70 சதவீதத்தைப் பயன்படுத்தியதாகப் பதிவாகும். முழுத் தொகையையும் தவறாமல் கட்டுகிறவராக இருந்தாலும் மதிப்பெண் இறங்கும். 

ஆறு மாதம் முடிந்ததும் பக்கத்தில் உள்ள கடன் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்கள். இங்கே கிரெடிட் யூனியன் என்பார்கள். 500 டாலர் டெபாசிட் வைத்தால் அதே அளவு வரம்போடு அட்டை தருவார்கள். டெபாசிட் உங்கள் பணம், ஒழுங்காகக் கட்டி முடித்தால் திரும்ப வரும். கூட்டாட்சி உரிமம் பெற்ற சங்கங்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. நான் இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் அந்த 95 டாலரும் போயிருக்காது, அந்த வியாழக்கிழமை இரவும் வந்திருக்காது.

புதிய அட்டை வந்ததும், அடுத்த ஆண்டுக் கட்டணம் விழும் முன் பழையதை மூடிவிடுங்கள். மூடினால் கடன் வரலாறு அழிந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துவார்கள். ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து ஆண்டு வரை ஏட்டில் இருக்கும். மூடிய பிறகும் ஒரு மாதம் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். கடைசி ஸ்டேட்மென்டுக்கும் நான் பணம் கட்டிய நாளுக்கும் இடையே சேர்ந்த மிச்ச வட்டி என்று எனக்கு 2 டாலர் 14 சென்ட் வந்தது. அதையும் கட்டி, நிலுவை ஏதும் இல்லை என்று கடிதம் வாங்கி வைத்துக்கொண்டேன்.