வேர் நுனியில் சீழ், கையில் பில்

கேள்வி: கடைவாய்ப்பல் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன். நிற்கிறது, மறுபடி வருகிறது. நல்ல கம்பெனி மாத்திரை எது?

எதுவும் இல்லை. பல்லுக்குள் நரம்பு செத்தபின் அங்கே ரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை போய்ச் சேராது. கிருமி உள்ளே இருக்கும்வரை வேர் நுனி அழற்சி ஓயாது. முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால் மாத்திரையும் தேவைப்படும், மருத்துவர் எழுதித் தந்தால். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால் நேரே அவசரப் பிரிவு. மருந்துக்கடைக்காரர் உங்கள் பல்லைப் பார்த்தாரா என்ன?

கேள்வி: வலியே இல்லை. எக்ஸ்ரேயில் வேர் நுனி கறுப்பாக இருக்கிறதாம், ரூட் கேனல் (பல்லின் உள் கால்வாயைச் சுத்தம் செய்து அடைப்பது) செய்யணுமாம். ஏமாற்றா?

அவசியம் இல்லை. நாள்பட்ட அழற்சி பெரும்பாலும் வலிக்காது. கறுப்பு என்பது எலும்பு கரைந்த இடமாக இருக்கலாம். ஆனால் கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் துளையும் படத்தில் அப்படியேதான் தெரியும். அதனால் பல்லில் குளிர்ச்சி வைத்தும் தட்டியும் பார்த்தாரா என்று கேளுங்கள். பக்கத்துப் பல் போலவே குளிர் உறைத்தால் நரம்பு உயிரோடு இருக்கலாம், வாய்க்குள் கை வைக்கவிடும் முன் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: சொத்தைப் பல்லுக்கு ஆன்லைனில் ஒரு ஜெல்…

வேண்டாம். என்னுடையது அலமாரியில் காய்ந்து கிடக்கிறது.

கேள்வி: ரூட் கேனல் செய்து ஒரு வருஷத்தில் ஈறில் சீழ்க்கொப்புளம். ‘உங்க உடம்பு வாகு’ என்கிறார்கள். எக்ஸ்ரேயும் தர மாட்டேன் என்கிறார்கள்.

உடம்பு வாகாம்! ஒழுங்காகச் செய்தாலும் சில பற்களில் தோற்பது உண்டு, சரி. ஆனால் காரணத்தைப் பல்லில்தான் தேடணும். மேல் முதல் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் நான்காவது கால்வாய் ஒன்று ஒளிந்திருக்கும், அது விட்டுப்போயிருக்கலாம். கால்வாயில் நிரப்பிய அடைப்பு வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வராமல் நின்றிருக்கலாம். ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் திரை) போடாமல் எச்சில் இறங்கியிருக்கலாம். வேரிலேயே விரிசல் விட்டிருக்கலாம். இதெல்லாம் வெளியிலிருந்து தெரியாது, படம்தான் ரசீது. முன்பு ஒன்று, முடித்தபின் ஒன்று, பல் எண் எழுதிய பில், மூன்றும் வாங்காமல் யாரும் நாற்காலியைவிட்டு எழக்கூடாது. நீங்கள் இப்போது எழுத்தில் கேளுங்கள். அப்புறம் ரூட் கேனல் நிபுணரிடம் போங்கள்: திறந்து மறுபடி சுத்தம் செய்யலாம், முடியாவிட்டால் வேர் நுனியை அறுவை செய்து எடுக்கலாம். பல்லைப் பிடுங்குவது கடைசி.

கேள்வி: ரூட் கேனல் செய்த பல்லுக்குக் கேப் (மேலே மாட்டும் உறை) எத்தனை மாசம் தள்ளிப்போடலாம்?

கடைவாய்ப்பல் பிளக்கும்வரை.

கேள்வி: ரூட் கேனல் முடிந்து மூன்று மாசம், கறுப்பு அப்படியே. பணத்தைத் திரும்பக் கேட்கவா?

இன்னும் இல்லை. எலும்பு மெதுவாகத்தான் நிரம்பும். ஒரு வருஷம் கழித்துப் படம் எடுப்பது வழக்கம், சிலருக்கு 4 வருஷம்வரை ஆகும். வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் போங்கள், பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு.