சிவப்பு அங்கி போட்டவரிடம் பத்திரிகையை வாங்கிக்கொள்ளுங்கள், தம்பி

வணக்கம் தம்பி. லண்டன் வந்து மூன்று வாரம் ஆகிறது, ஸ்டேஷன் வாசலில் சிவப்பு அங்கி போட்ட ஒருவர் 'பிக் இஷ்யூ' என்று கூவிக்கொண்டு தினமும் நிற்கிறார், அது பிச்சையா வியாபாரமா, பத்திரிகை வேண்டாம் என்று சில்லறையை மட்டும் கொடுத்துவிட்டு நகரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது வியாபாரம். 'பிக் இஷ்யூ' என்பது வீடில்லாதவர்களும் வறுமையில் தவிப்பவர்களும் தெருவில் நின்று விற்கும் பத்திரிகை. காசு கொடுத்தால் பத்திரிகையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இது எனக்கே வந்த புதிதில் தெரியாது. ஒரு மழை நாள். பத்திரிகைக் கட்டை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, மேலே இருப்பதன் அட்டை மட்டும் தெரிகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தார். விலைக்கான காசை நீட்டி, "புத்தகம் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் உறையைப் பிரித்து, நனையாத பிரதியாகப் பார்த்து அடியிலிருந்து ஒன்றை உருவி என் கையில் வைத்தார். "நான் விற்கிறேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

விஷயம் இதுதான். அந்தப் பத்திரிகையை அவர்களுக்கு யாரும் சும்மா கொடுப்பதில்லை. புதிதாகச் சேரும்போது கைமுதலுக்காகச் சில பிரதிகள் இலவசமாகக் கிடைக்கும். அதன்பிறகு பாதி விலை கொடுத்து வாங்கித்தான் விற்க வேண்டும். 4 பவுண்டுக்கு விற்கும் பிரதிக்கு 2 பவுண்டு அவர் கையிலிருந்து ஏற்கெனவே போயிருக்கும். மீதி 2 பவுண்டு அவருடைய சம்பாத்தியம். விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இது வாரப் பத்திரிகை. திங்கட்கிழமை புது இதழ் வந்துவிட்டால் பழையதை யாரும் சீண்டமாட்டார்கள். எத்தனை பிரதி எடுப்பது, மழை பெய்யுமா, பள்ளி விடுமுறையா என்று கணக்குப் போட்டுத்தான் கொள்முதல் செய்கிறார்கள். கணக்குத் தப்பினால் கையைச் சுட்டுவிடும். நடைபாதையில் நின்றாலும் அவர் முதல் போட்ட வியாபாரி.

இதை 1991இல் தொடங்கியவர்கள் ஜான் பேர்டும் கார்டன் ராடிக்கும். நியூயார்க்கில் 'ஸ்ட்ரீட் நியூஸ்' என்ற பத்திரிகையை வீடில்லாதவர்கள் விற்பதை ராடிக் பார்த்திருக்கிறார். பேர்டு ஐந்து வயதில் குடும்பத்தோடு வீட்டை இழந்தவர், அனாதை இல்லத்தில் இருந்தவர், சிறைக்கும் போனவர். 2015இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் உறுப்பினரானார். கையேந்த வைக்காமல் கைதூக்கிவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லிவருவது. இதே முறையில் ஹாம்பர்க், வியன்னா, மாண்ட்ரியல், சியாட்டில் என்று பல ஊர்களில் தெருப் பத்திரிகைகள் வருகின்றன.

சரி, இங்கே நம்மவர்கள் சிலர் உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்கள். "கவுன்சில் (உள்ளூராட்சி) வீடு கொடுக்கிறதே, இவர்கள் ஏன் தெருவில் நிற்கிறார்கள்?" என்பார்கள். இங்கிலாந்தில் சட்டம் அப்படி இல்லை. கவுன்சில் தங்குமிடம் கொடுத்தே ஆகவேண்டியவர்கள் யார் என்பதற்கு ஒரு முன்னுரிமை வரிசை இருக்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பம், கர்ப்பிணி போன்றவர்கள் அதில் வருவார்கள். வேலை போய், குடும்பம் உடைந்து, தனியாக நிற்கும் ஓர் ஆண் பெரும்பாலும் வரமாட்டார். அப்புறம், விற்பவர்கள் எல்லாருமே வாசற்படியில் தூங்குகிறவர்கள் இல்லை. விடுதியிலோ தெரிந்தவர் வீட்டு சோபாவிலோ ஒண்டிக்கொண்டிருப்பவர்கள், அடுத்த மாத வாடகைக்கு வழி தெரியாதவர்கள் என்று பலர் உண்டு.

இன்னொரு பேச்சும் காதில் விழும்: "இவர்களே ருமேனியாவிலிருந்து வந்தவர்கள்தானே." இதை நம் ஆட்கள் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கும். 2007இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அந்நாட்டவர் இங்கே சம்பள வேலைக்குச் சேரக் கட்டுப்பாடு இருந்தது. 2014 வரை நீடித்தது. சொந்தத் தொழில் செய்யத் தடை இல்லை. அப்படித்தான் பலர் இந்தப் பத்திரிகை விற்பனைக்கு வந்தார்கள். வந்த நாட்டில் சட்டம் திறந்துவைத்த ஒரு கதவின் வழியாக நுழைவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

நடைமுறைக்கு வருகிறேன். விற்பவர் அடையாள அட்டை அணிந்திருப்பார். விற்கும்போது பிச்சை கேட்கக்கூடாது, குடித்திருக்கக்கூடாது என்று அவர்களுக்கு விதி உண்டு. பத்திரிகையை மறுத்துக் காசை மட்டும் திணித்தால், அவர் கட்டிக் காக்கிற தொழிலை நாமே பிச்சையாக்குகிறோம். கையில் சில்லறை இல்லை என்றும் தயங்க வேண்டாம், பலர் கார்டு மெஷின் வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் மாணவர், வாரம் 4 பவுண்டு உங்களுக்குப் பெரிய காசு. முடியாதபோது முகத்தைப் பார்த்து "இன்றைக்கு முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஆளே இல்லாத மாதிரி கடந்து போவதுதான் அவர்களை அதிகம் வருத்துகிறது. மாதம் ஒரு பிரதி வாங்க முடிந்தாலும் போதும். அதையும் வாரக் கடைசியில் வாங்குங்கள். ஞாயிறு சாயங்காலம் பையில் எத்தனை மிச்சம் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் விற்கும் பிரதி, அவர் போட்ட 2 பவுண்டையும் சேர்த்து மீட்டுக்கொடுக்கும்.